நாலடிப் பலகையில் நாலு மாசி வீதி

மூலைவிட்டம் இரண்டையும் டேப் பிடித்து அளந்தேன். ஒன்று 67½ அங்குலம், மற்றது 68¼. நாலுக்கு நாலடி சதுரம் என்று சொல்லிச் செய்து வாங்கிய கேன்வாஸ் சட்டம் முக்கால் அங்குலம் சாய்ந்திருந்தது. அதன்மேல் ஏற்கெனவே மூன்று வாரம் வேலை பார்த்திருந்தேன். அந்தக் கேன்வாஸ் இப்போது பீரோவுக்குப் பின்னால் நிற்கிறது. இந்தப் பதிவு அதற்கப்புறம் பிளைவுட் பலகையில் புதிதாகத் தொடங்கி முடித்த படத்தைப் பற்றியது. ஆனால் முதல் படம் எப்படிக் கெட்டது என்று சொன்னால்தான் இரண்டாவதில் எடுத்த முடிவுகள் விளங்கும்.

படத்தின் பொருள் மதுரை. கோபுரம், தேர், மீனாட்சி கல்யாணம் எதுவும் வரைய நினைக்கவில்லை. ஊரின் அமைப்பை மட்டும், ஆள் இல்லாமல், உருவம் இல்லாமல், நிறமும் கனமுமாக வைக்க வேண்டும் என்பது பல வருட ஆசை. ராம் குமாரின் வாரணாசி ஓவியங்களை ஒரு நூலகத்தில் அச்சுப்படங்களாகப் பார்த்த நாளிலிருந்து அது மனத்தில் கிடந்தது. 1924-இல் சிம்லாவில் பிறந்து, பாரிஸில் ஓவியம் படித்துத் திரும்பி, நகரத்து ஏழை மனிதர்களின் வாடிய முகங்களை வரைந்துகொண்டிருந்தவர் அவர். 1960-இல் ஓவியர் எம்.எஃப். உசேனுடன் காசிக்குப் போனார். அதற்கப்புறம் அவர் படங்களிலிருந்து மனிதர்கள் மெல்ல மெல்ல வெளியேறிவிட்டார்கள். படித்துறையும் சுவரும் இருட்டுச் சந்தும் பழுப்பு, சாம்பல் கட்டிகளாக ஒன்றன்மேல் ஒன்று நிற்கும். எந்தத் துறை, எந்தக் கோயில் என்று கேட்க முடியாது. ஆனாலும் ஈரக் கல்லின் குளிர் தெரியும்.

அதே மாதிரி மதுரையை வரைந்துவிடலாம் என்று எண்ணியது என் முதல் பிழை. காசி ஆற்றைப் பார்த்து ஒரே முகமாக நிற்கிற ஊர். மேல்கரை முழுக்க வரிசையாகப் படித்துறை, எதிர்க்கரையில் வெறும் மணல். அங்கிருந்து எழும் சூரியன் ஊர் முகத்தில் நேராக அடிக்கும். படகில் உட்கார்ந்தால் ஊரே திரைச்சீலை போல விரியும். மதுரைக்கு அப்படி ஒரு முகம் கிடையாது. வைகை வடக்கே ஒதுங்கி ஓடுகிறது. ஊர் தன்னைச் சுற்றித் தானே மடங்கிக் கிடக்கிறது. வெளியே நின்று பார்க்க இடமே இல்லை, உள்ளே நடந்துதான் பார்க்க வேண்டும்.

இங்கே வளர்ந்தவர்களுக்கு ஊர்ப்படம் மாதப் பெயர்களாகத்தான் மனத்தில் இருக்கும். கோயில் மதிலுக்குள்ளே ஆடி வீதி, மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி, எல்லாவற்றுக்கும் புறத்தே வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் கீழ, மேல, வடக்கு, தெற்கு என்று நாலு பக்கம். சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதியில். மாசியில் நடந்த திருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பார்கள், வீதி மட்டும் பழைய பெயரிலேயே நின்றுவிட்டது. பரிபாடல் இந்த ஊரைத் தாமரைப் பூ என்கிறது. தெருக்கள் இதழ்கள், நடுவிலிருக்கும் பொகுட்டு பாண்டியனின் கோயில், அதாவது அரண்மனை. நடுவில் ஒன்று, சுற்றிலும் அடுக்கு என்ற எண்ணம் அவ்வளவு பழையது.

முதல் கேன்வாஸில் அந்த அடுக்கைத்தான் வரைபடத்தைப் பார்த்து அளவு சுருக்கிப் போட்டேன். ஐந்து சதுரங்கள், ஒன்றுக்குள் ஒன்று. போட்டு முடித்துப் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் துப்பாக்கி சுடும் பலகை மாதிரி இருந்தது. கண் நேராக நடுவுக்குப் போய் அங்கேயே குத்தி நின்றது. வெளி வீதியில் நுழைந்து கோயிலுக்குள் போகிற ஒருத்திக்கு அப்படியா இருக்கும்? கீழமாசி வீதியில் மளிகை மூட்டை இறக்கும் வண்டிகளுக்கு ஒதுங்கி, தெற்கு ஆவணி மூல வீதியின் நகைக்கடை வெளிச்சத்தைத் தாண்டி, செருப்பைக் கழற்றி வைத்து, கோபுரத்துக்கு அடியில் அந்தக் குளிர்ந்த இருட்டில் கால் வைக்கும்போதுதான் ‘உள்ளே’ என்பது தொடங்கும். அந்த நடை படத்தில் துளியும் இல்லை.

சட்டச் சாய்வு தெரிய வந்ததும் அந்தச் சமயத்தில்தான். ஒரு விளிம்பிலிருந்து அளந்தால் கோடு நேராக இருக்கும், அடுத்த விளிம்பிலிருந்து பார்த்தால் கோணும். கேன்வாஸ் இழுப்பதற்கு முன்பே மூலைவிட்டம் அளக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்த பாடம்தான். அவசரத்தில் விட்டுவிட்டேன். இரண்டு மூலைவிட்டமும் சமமாக இருந்தால்தான் அது சதுரம். நாலு பக்கமும் நாலடி என்பது மட்டும் போதாது, சாய்ந்த கட்டத்துக்கும் நாலு பக்கம் சமமாகவே இருக்கும்.

இன்னொரு கேடு சுண்ணாம்பு. கோயில் மதிலின் வெள்ளை சுண்ணாம்பு வெள்ளைதானே, அதையே பூசினால் என்ன என்று நீற்றின சுண்ணாம்பை ஊறவைத்து, வடிகட்டி, கேன்வாஸில் பட்டித் தகட்டால் இழுத்தேன். காய்ந்தபோது அழகாக இருந்தது. படத்தைத் தூக்கி நகர்த்தினேன், பின்பக்கம் என் முழங்கை லேசாகத் தட்டியது. முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் பொரிந்து கொட்டியது. சுண்ணாம்புக்கு அசையாத சுவர் வேண்டும். கேன்வாஸ் துணி, மழைக்காலத்தில் தளரும், வெயிலில் விறைக்கும், தொட்டால் அதிரும். அதன்மேல் விறைப்பான பூச்சு நிற்காது. சுண்ணாம்பின் காரத்தைத் தாங்காத நிறங்களும் உண்டு என்பதால் மேலே எதைத் தீட்டினாலும் அந்தக் கவலை இருந்துகொண்டே இருக்கும். அந்தப் படத்தை அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த ஒரு மாதம் பிரஷைத் தொடவில்லை, நடந்தேன். வாரத்துக்கு இரண்டு மாலை, பள்ளி விட்டதும் வெளி வீதியில் தொடங்கி ஒவ்வொரு சுற்றாக உள்ளே. மாசி வீதி ஒரு சுற்று நின்று நிதானித்து நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. சித்திரை வீதி சுற்றி வருவது அதில் பாதிகூட ஆகாது. 2018 தீ விபத்துக்கு அப்புறம் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக விடுவதில்லை. எனக்கு அது நல்லதாகவே போயிற்று. படம் பிடிக்க முடியாததால் கண்ணால் வாங்கி வைத்துக்கொண்டு வெளியே வந்து, விட்டவாசல் பக்கம் ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்து, நினைவில் நின்றதை மட்டும் சின்ன நோட்டில் கோடாகப் போடுவேன். நினைவில் நிற்காதது படத்துக்கும் வேண்டாம்.

அந்த நோட்டைப் புரட்டியபோது மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்ப வந்திருந்தன. முதலாவது, வெளியே இருப்பதுதான் உயரம். தெற்குக் கோபுரம் ஒன்பது நிலை, 160 அடிக்கு மேல். உள்ளே போகப் போகக் கோபுரங்கள் குட்டையாகும், கூரை தாழும், வாசல் குறுகும், வெளிச்சம் வடியும். கடைசியில் கருவறை ஒரு சின்ன இருட்டறை. ஊரெல்லாம் சுற்றி நிற்பது அந்தச் சின்ன இருட்டைத்தான். இரண்டாவது, எந்தச் சதுரமும் சதுரமில்லை. கோயில் மதிலே ஏறக்குறைய 250 மீட்டருக்கு 240 மீட்டர், சமம் போலத் தோன்றும், சமமில்லை. வெளியே போகப் போக வீதிகள் இன்னும் வளைந்து சாய்ந்துகொள்ளும். மூன்றாவதைப் பின்னால் சொல்கிறேன். அதைக் கண்டுகொள்ளத்தான் எனக்கு அதிக நாள் ஆயிற்று.

இந்த முறை கேன்வாஸ் வேண்டாம், பலகை என்று தீர்மானித்தேன். எட்டுக்கு நாலு மரைன் பிளையில் பாதி, 12 மி.மீ. கனம். தச்சு வேலை செய்யும் அண்ணன் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். அவரே அறுத்து, பின்பக்கம் இரண்டுக்கு ஒன்று ரீப்பரில் சுற்றுச் சட்டம் அடித்து, நடுவில் குறுக்காக ஒரு சட்டமும் கொடுத்தார். மூலைவிட்டத்தை நானே அளந்தேன். இரண்டும் 67⅞.

பலகையைத் தயார் செய்வதைத் தஞ்சாவூர் ஓவியக்காரர்களிடமிருந்துதான் கற்க வேண்டும். அவர்கள் வெறும் மரத்தில் வரைவதில்லை. பலகையில் துணி ஒட்டி, அதன்மேல் சுக்கான் என்கிற சுண்ணாம்புக்கல் பொடியும் பசையும் கலந்து பூசி, தேய்த்து வழவழப்பாக்கிய பிறகே கோடு போடுவார்கள். துணி இருந்தால் பலகையின் நார் வரி மேலே விரிசலாகத் தெரியாது. நான் காடாத் துணி வாங்கினேன். கஞ்சி போக வெந்நீரில் இரண்டு முறை அலசிக் காயவைத்தேன். அலசாமல் ஒட்டினால் பிறகு சுருங்கி இழுக்கும். பலகைக்கு முன்னும் பின்னும் நாலு விளிம்பும் தண்ணீர்க் கலவை அக்ரிலிக் பிரைமர் இரண்டு கை. பின்பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிடக் கூடாது. முன்பக்கம் மட்டும் பூசினால் ஈரம் ஒரு பக்கமாக ஏறி இறங்கிப் பலகை முதுகு வளைந்துவிடும். கடையில் எண்ணெய்க் கலவை உட் பிரைமரைக் கையில் கொடுப்பார்கள். அக்ரிலிக் வேலைக்கு அது ஆகாது, எண்ணெய்ப் பூச்சின்மேல் அக்ரிலிக் பிடிக்காமல் பின்னால் தோல் உரியும்.

துணி ஒட்டி, அதன்மேல் சாக் பொடியும் அக்ரிலிக் மீடியமும் (நிறம் சேராத அக்ரிலிக் பசை) கலந்த பூச்சு நாலு கை, ஒவ்வொரு கைக்கும் நடுவே 220 நம்பர் உப்புத்தாள். கையால் தடவினால் முட்டை ஓடு மாதிரி இருக்கும் வரை தேய்த்தேன்.

நிறத்துக்கு முதலில் காவி. மதில் பட்டையின் காவி, கோலத்தின் கரைக்காவி. டியூபில் வரும் இந்தியன் ரெட்டைப் போட்டுப் பார்த்தேன், சரியான நிறம்தான், ஆனால் மண் வாசம் இல்லை. பூஜைப் பொருள் கடையில் கோலக்காவிப் பொடியும், நாட்டு மருந்துக் கடையில் காவிக்கல் கட்டியும் வாங்கி வந்தேன். இரண்டையும் சோதிக்காமல் படத்தில் ஏற்றக் கூடாது. நனைத்த வெள்ளை டிஷ்யூ தாளில் ஒரு சிட்டிகை வைத்தேன். காவிக்கல் தூள் வைத்த இடத்திலேயே இருந்தது. கோலப்பொடியைச் சுற்றிச் சிவப்பு வட்டமாகப் பரவியது. அதில் சாயம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். சாயம் வெயிலில் போய்விடும். மண் நிறம் இரும்புத் துரு, நூறு வருடத்துக்கும் போகாது. ஆகவே காவிக்கல்தான்.

அதை இடிக்கிற வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உரலில் இடித்து, வாளித் தண்ணீரில் கலக்கி, பத்து எண்ணுவதற்குள் கரடு அடியில் உட்கார்ந்துவிடும். மேலே நிற்கிற கலங்கலை மட்டும் இன்னொரு பாத்திரத்துக்கு இறுத்து, ராத்திரி முழுக்கத் தெளிய விட்டால் அடியில் பட்டு மாதிரி ஒரு படிவு. மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடி தெளிய வைக்க வேண்டும். மண்ணில் உப்பு இருந்தால் பின்னால் படத்தில் வெள்ளையாகப் பூக்கும், அது போகத்தான் இத்தனை கழுவல். நாலாம் நாள் காலையில் தட்டில் காய்ந்து வெடித்துக் கிடந்த காவியை விரலால் தொட்டேன். கைரேகைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது, சோப்பு போட்டும் இரண்டு நாள் போகவில்லை. அடியில் தங்கிய கரட்டையும் வீணாக்கவில்லை, அதற்கு வேறு வேலை இருந்தது.

இனி கோடு. அளவை மாற்றினேன். வரைபட விகிதத்தை விட்டுவிட்டு, வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொரு பட்டையும் முன்னதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு: 8 அங்குலம், 5½, 3¾, 2½, 1¾. நடுவில் ஐந்து அங்குலச் சதுரம் மிஞ்சும். வீதிகளின் நிஜ அகலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உள்ளே போகப் போகக் காலடி நெருங்குவதற்கும் மூச்சு அடங்குவதற்கும்தான் இந்தக் கணக்கு.

கோடு போட ஸ்கேலும் பென்சிலும் எடுத்தபோது அண்ணன் பக்கத்தில் நின்றார். “இவ்வளவு பெரிய பலகைக்கு ஸ்கேல் எதுக்கு டீச்சர்? நூல் அடிங்க.” அவரே ஒரு பருத்தி நூலைக் கரட்டுக் காவித் தண்ணீரில் முக்கி, ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையை இறுக்கி இழுத்து, நடுவில் இரண்டு விரலால் தூக்கிச் சட்டென்று விட்டார். டப் என்ற சத்தத்தோடு பலகையில் ஒரு சிவப்புக் கோடு. அந்தக் கோட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். நூல் அழுந்திய நடுவில் ஆழ்ந்த காவி, இரண்டு பக்கமும் தெறித்த பொட்டுப் பொட்டாக ஒரு மூடுபனி, நூலின் முறுக்கு வரிகூடச் சாய்வு சாய்வாகப் பதிந்திருந்தது. எந்தப் பிரஷாலும் வராத கோடு. மாஸ்கிங் டேப் ஒட்டி நேர்கோடு போடும் யோசனையை அந்த நிமிடமே விட்டேன்.

உள் சதுரத்துக்கு மூலைமட்டம் வைத்துச் சரியாக அடித்தோம். அதற்கு வெளியே ஒவ்வொரு சுற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்கச் சொன்னேன். அவர் கை ஒத்துக்கொள்ளவில்லை. “கோணலா இருக்கு டீச்சர், அழிச்சிட்டு அடிக்கவா?” என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார். “மேலமாசி வீதியும் வடக்குமாசி வீதியும் சேர்ற மூலை மட்டத்துக்கு நிக்குதாண்ணே?” என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அடுத்த நூலை அவராகவே சாய்த்துப் பிடித்தார்.

வெளிச்சுற்றுக் கோட்டை அடித்த கையோடு ஈரத்துணியால் பாதி துடைத்தேன். நாயக்கர் காலத்தில் அங்கே நின்றது கோட்டை. 72 கொத்தளம், கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர் என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அந்த வேலையைப் பார்த்தவர்களின் பெயர்தான் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி. பெரியார் பேருந்து நிலையம் பக்கம் ஒரு கொத்தளத் துண்டு மட்டும் மிச்சம் இருக்கிறது. ஆகவே படத்திலும் அந்தக் கோடு இடது பக்கம் கீழ் மூலையை ஒட்டி ஒரு சாண் நீளத்துக்குத் தெளிவாக நிற்கும், மற்ற இடங்களில் கறை மட்டும்.

உயரத்தைக் கனத்தால் காட்டினேன். வெளிப்பட்டையில் பூச்சு ஐந்து மி.மீ., உள்ளே வர வரக் குறைந்து நடுச்சதுரத்தில் ஒன்றுமே இல்லாமல் வழவழப்பாக இருக்க வேண்டும். சாக் பொடி, கரட்டுக் காவி, அக்ரிலிக் மீடியம் சேர்த்துக் குழைத்த பட்டி. சில்லுப் பலகையில் மூன்று கலவை போட்டுப் பார்த்ததில், பொடி இரண்டு பங்கு மீடியம் ஒரு பங்கு என்றால் நகத்தால் சுரண்ட உதிர்ந்தது. சரிக்குச் சரி கலந்தது நின்றது. ஆனாலும் ஒரு தப்பு செய்தேன். வெளிப்பட்டை முழுவதையும் ஒரே இரவில் ஐந்து மி.மீ. கனத்துக்கு ஏற்றிவிட்டு, சீக்கிரம் காயட்டும் என்று மின்விசிறியைப் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் கோடைக்காலத்துக் கண்மாய் மாதிரி வெடித்துக் கிடந்தது. மேல் தோல் முதலில் காய்ந்து சுருங்கும், அடி ஈரமாக வழுக்கும், நடுவில் பிளந்துவிடும். பார்க்க அழகாக இருக்கிறதே, அப்படியே விடு என்று வீட்டில் சொன்னார்கள். நான் விடவில்லை. வெடிப்பு என்றால் வறட்சி, அது இந்த ஊர் மதிலுக்குப் பொருந்தாது. அதோடு ஓரம் தூக்கிய துண்டு என்றைக்கிருந்தாலும் உதிரும். உளியால் முழுவதையும் சுரண்டி எடுத்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. மறுபடி இரண்டு மி.மீ.க்கு மேல் போகாமல், ஒவ்வொன்றையும் இரண்டு நாள் ஆறவிட்டு, மூன்று தடவையாக ஏற்றினேன். விசிறி போடவில்லை.

பட்டித் தகட்டை வெளிப்பட்டையில் படுக்கையாக இழுத்து இழுத்து நிலை நிலையாக விட்டேன். ஆவணி மூலப் பட்டையில் தகட்டின் ஓரத்தை மட்டும் உரசினேன். ஆடி வீதிப் பட்டையில் தகடே இல்லை, ஈரக் கையால் நீவியதுதான். கோபுரங்களின் பல வண்ணத்தைக் கொண்டு வரலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் புதுப்பிக்கிற வண்ணம் அது, அதற்கு அதன் அழகு உண்டு. இந்தப் படத்துக்குக் காவி, வெள்ளை, அல்ட்ராமரீன் நீலமும் அம்பர் பழுப்பும் கலந்த கல் சாம்பல், இவ்வளவு போதும் என்று நிறுத்திக்கொண்டேன்.

எல்லாம் ஒழுங்காக வந்தது. நடுச்சதுரம் மட்டும் செத்துக் கிடந்தது. கறுப்பாக விட்டேன், ஓட்டை மாதிரி இருந்தது. வெள்ளையாக்கினேன், ஜன்னல் மாதிரி ஆயிற்று. வட்டப் பொட்டு ஒன்று வைத்துப் பார்த்தேன், உடனே ஓவியர் எஸ்.எச். ரசாவின் பிந்து ஞாபகம் வந்து படமே அவருடையதாகிவிட்டது. அவருக்கு அந்த ஒரு புள்ளியில் எல்லாம் தொடங்கி எல்லாம் முடியும். ஏன் என் படத்துக்கு அது ஒட்டவில்லை என்று இரண்டு வாரம் தவித்தேன்.

நோட்டில்தான் இருந்தது அந்த மூன்றாவது விஷயம். நினைவிலிருந்து போட்ட எல்லாக் கோட்டுப்படத்திலும் நடுவில் நான் ஒரு கட்டம் போட்டதே இல்லை. இரண்டு போட்டிருந்தேன். சொக்கநாதர் சன்னதி ஒன்று, அதற்குத் தெற்கே அம்மன் சன்னதி ஒன்று, இரண்டும் கிழக்குப் பார்த்து. அம்மன் சன்னதிக்கு முன்னால் குளம். மதுரைக்காரர்கள் முதலில் போவது அம்மனிடம், பிறகுதான் சுவாமி. இத்தனை சுற்றும் மடங்கி மடங்கி உள்ளே வந்து சேர்வது ஒரு புள்ளியில் அல்ல, பக்கத்துப் பக்கத்து இரண்டு இருட்டறைகளில். சின்ன வயதிலிருந்து தெரிந்த விஷயம் கைக்கு வர இவ்வளவு நாள்.

இரண்டையும் நிறத்தால் தீட்டாமல் நிஜமாகவே குழியாக்குவது என்று முடிவெடுத்தேன். பலகையின் கனம் 12 மி.மீ., அதைத் துளைத்துப் பின்பக்கம் மெல்லிய பிளையால் அடைத்தால் அரை அங்குல ஆழத்துக்கு ஒரு மாடம் கிடைக்கும். மேல் மாடம் இரண்டு அங்குலச் சதுரம், அதற்குக் கீழே, படத்தில் தெற்கு, ஒன்றரை அங்குலத்தில் இன்னொன்று. அண்ணன் பலகையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். நடுக் குறுக்குச் சட்டம் சரியாகக் கருவறையின் முதுகில் போகிறது. “முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டாப் பிரிச்சு அடிச்சிருப்பேன்ல.” உண்மைதான். பசை போட்டு ஒட்டிய சட்டத்தை உடைக்காமல் எடுக்க அவருக்கு அரை நாள் ஆயிற்று. அதற்குப் பதில் மாடங்களுக்கு இரண்டு பக்கமும் இரண்டு சட்டங்கள் கொடுத்தார்.

ஜிக்சா பிளேடின் பல் மேல்நோக்கி வெட்டும், சிம்பு தெறிப்பதும் மேல் முகத்தில்தான். ஆகவே படத்தைக் கவிழ்த்துப் போட்டுப் பின்னாலிருந்து அறுக்க வேண்டும். முன்பக்கம் குறித்த மூலைகளில் மெல்லிய டிரில்லால் துளை போட்டோம், பின்பக்கம் அந்தத் துளைகள்தான் அடையாளம், பிளேடு நுழையவும் அதுவே வழி. கீழே பழைய போர்வை, வெட்டும் இடத்துக்கு முன்பக்கம் டேப். மூன்று மாத வேலை கவிழ்ந்து கிடக்க, மேலே மெஷின் அதிர்ந்தபோது நான் அந்த அறையில் நிற்கவில்லை. போய்ப் பார்த்தால் விளிம்பில் அரிசி அளவு ஒரு இடத்தில் மட்டும் சாக் பூச்சு பெயர்ந்திருந்தது, பட்டி வைத்து ஒரு மணி நேரத்தில் சரியாக்கிவிட்டேன்.

மேல் மாடத்தின் தரை கல் சாம்பல். கீழ் மாடத்துக்குப் பச்சை, மரகதவல்லிக்கு வேறு நிறம் இல்லை. விரிடியன் பச்சையை நேராக வைத்தால் கூவும். அதில் சிட்டிகை சிட்டிகையாகக் காவியைச் சேர்த்தேன். எதிர் நிறங்கள் ஒன்றையொன்று அடக்கும். ஒரு கட்டத்தில் பச்சையா கறுப்பா என்று சொல்ல முடியாத ஒரு ஆழம் வந்தது. அதை மீடியத்தில் நிறைய நீர்த்து ஏழு கை மெல்லிசாக ஏற்றினேன். ஒவ்வொரு கையும் காய்ந்த பிறகு அடுத்தது, இல்லையென்றால் முந்தையது கரைந்து எழும்பும்.

தங்கம் வைப்பதா என்று நிறையத் தயங்கினேன். பொற்றாமரைக் குளக்கரையில் நின்றால் இரண்டு தங்க விமானமும் தெரியும், சன்னதிக்குள் போய்விட்டால் தெரியாது. அதைத்தான் வைக்க வேண்டும் என்று தோன்றியது. கைவினைக் கடைகளில் விற்கும் பளபளத் தாள் செம்பும் துத்தநாகமும், சில மாதத்தில் கறுக்கும். தஞ்சாவூர் ஓவியத்துக்கு வாங்கும் 22 காரட் தகட்டில் சின்னத் துண்டு வாங்கினேன். மாடங்களின் இடது உட்சுவரில் மட்டும், அரை அங்குல உயரப் பட்டையாக, பசை பாதி உலர்ந்து விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதத்தில் வைத்துப் பஞ்சால் அழுத்தினேன். படத்துக்கு நேரே நின்றால் தங்கமே இல்லை, இரண்டு இருட்டு மட்டும். வலது பக்கம், அதாவது கிழக்கே, ரெண்டு மூன்று எட்டு நகர்ந்தால் இரண்டு மாடத்திலும் ஒரு கீற்று எரியும்.

வார்னிஷில் ஒரு சறுக்கல். படம் முழுக்க மேட் வார்னிஷ் போட்டேன், ஐப்பசி மழை ஈரம் வேறு. மாடங்களின் தரையில் அது தேங்கி, காய்ந்ததும் பால் ஊற்றின மாதிரி வெளுத்துவிட்டது. மேட் வார்னிஷில் பளபளப்பைக் குறைக்கக் கலந்திருக்கும் நுண்பொடி கனமாகத் தேங்கினால் கறுப்பு நிறத்தின்மேல் திரையாகத் தெரியும். அந்த இரண்டு தரையையும் தேய்த்துவிட்டு மறுபடி ஏழு கை. இந்த முறை அங்கே பளபளப்பான வார்னிஷ், அதுவும் மெல்லிசாக ஒரே கை. அந்த ஆழத்துக்கு அதுதான் பொருத்தம் என்று இப்போது படுகிறது, கொஞ்சம் எண்ணெய் மினுக்கு.

படம் பதினெட்டு கிலோ. ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிடுகிற கனமில்லை. ஒரு ரீப்பரை நீளவாக்கில் சாய்வாக அறுத்து, பாதியைச் சுவரிலும் பாதியைப் படத்தின் முதுகிலும் திருகி, ஒன்றின்மேல் ஒன்று உட்கார வைத்தோம்.

கூடத்தில் வலது பக்கம் ஜன்னல் வருகிற சுவராகப் பார்த்து மாட்டினேன். காலை ஏழு மணி சுமாருக்கு வெளிச்சம் பக்கவாட்டில் வந்து வெளிப்பட்டையின் மேடுகளில் நிழல் விழுத்தும், கொஞ்ச நேரம் கழித்து மாடங்களுக்குள் போகும். அரை மணிக்குப் பிறகு அங்கே மறுபடி இருட்டு. அம்மா காப்பி டம்ளரோடு அந்த நேரத்துக்கு நாற்காலியை வலது ஓரமாக இழுத்துப் போட்டுக்கொள்கிறார். “அம்மனுக்குத்தான் முதல்ல வெளிச்சம் வருது பாரு” என்றார் ஒரு நாள். எனக்குத் தெரியாது, மாடம் சின்னதாக இருப்பதால் இருக்கலாம், இல்லை ஜன்னல் கம்பியின் நிழல் மேலே விழுவதால் இருக்கலாம்.

மாடங்களுக்குள் தூசி சேர்கிறது. துணி விட்டால் தங்கம் தேயும். சனிக்கிழமை காலையில் பழைய மென்மையான இரண்டாம் நம்பர் பிரஷ் ஒன்றை எடுத்து, முதலில் கீழ் மாடம், பிறகு மேல் மாடம் என்று பெருக்கிவிடுகிறேன்.